ஆழ்துளைக் கிணற்று நீரில் வைட்டமின் சி ஏன் நிற்பதில்லை?

கேள்வி: பிப்ரவரி 4

பிளஸ் டூ மாணவர்களின் செயல்திட்டத்துக்காக 500 மில்லிகிராம் வைட்டமின் சி-யை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஸ்டார்ச்சு சேர்த்து அயோடினால் தரம்பார்க்கிறோம். காலையில் கிடைக்கும் அளவு மாலையில் கிடைப்பதில்லை. காய்ச்சி வடித்த நீரில் மெதுவாகக் குறைகிறது. ஆழ்துளைக் கிணற்று நீரில் மளமளவென்று குறைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன்தான் காரணம் என்றால் இரண்டு நீருக்கும் ஒரே காற்றுதானே? நீரிலுள்ள உலோகம் காரணம் என்றால், உலோக அயனியைக் கவ்விப் பிடிக்கும் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து அதைக் கட்டிப்போட்டுவிட்டால் நின்றுவிடும் அல்லவா?

பிப்ரவரி 4, மாலை

ஆக்சிஜன் மட்டும் காரணம் இல்லை. 1936-லேயே பாரன், டிமேயோ, கிளெம்பரர் மூவரும் இதைக் காட்டிவிட்டார்கள்: தாமிரத்தை நன்றாக நீக்கிய நீரில், அமிலக் கரைசலிலும் நடுநிலைக் கரைசலிலும், அஸ்கார்பிக் அமிலத்தை, அதாவது வைட்டமின் சி-யை, காற்று ஏறக்குறைய தொடுவதே இல்லை. துளி தாமிரம் சேர்த்ததும் வினை ஓடத் தொடங்குகிறது. இவ்வளவு பழைய முடிவு இன்னும் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரவில்லை என்பது எனக்கு வருத்தம். "காற்று பட்டால் வைட்டமின் சி கெட்டுவிடும்" என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம்.

ஆக்சிஜன் ஏன் தனியாகச் செயல்பட முடியவில்லை? ஆக்சிஜன் மூலக்கூறில் இணையாகாத இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. அஸ்கார்பேட்டில், அதாவது அஸ்கார்பிக் அமிலம் ஹைட்ரஜன் அயனியை இழந்த வடிவத்தில், எல்லாமே இணைந்தவை. இரண்டு எலக்ட்ரான்களை ஒரே வீச்சில் கைமாற்றுவதை எலக்ட்ரான்களின் தற்சுழற்சி (ஸ்பின்) விதி தடுக்கிறது. ஒவ்வொன்றாக மாற்றலாம் என்றால் ஆற்றல் கணக்கு ஒத்துவரவில்லை: அஸ்கார்பேட்டிலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிரிக்கும் படிக்கு மின்னழுத்தம் சுமார் +0.28 வோல்ட், ஆக்சிஜன் ஓர் எலக்ட்ரானை ஏற்றுச் சூப்பர் ஆக்சைடாகும் படிக்குச் சுமார் –0.16 வோல்ட். மேட்டில் ஏற்ற வேண்டிய எலக்ட்ரான் அது. தானாக ஏறாது.

இ.டி.டி.ஏ. பற்றிய கடைசிக் கேள்விக்கு என் பதில் "ஆம்" இல்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

பிப்ரவரி 4, இரவு

ஒரு சேர்க்கை. 1988-இல் பியூட்னர் இதை இன்னும் கூர்மையாக்கினார். தாங்கல் கரைசலிலிருந்து (பிஎச்-ஐ மாறாமல் வைக்கும் கரைசல்) உலோகத்தை ரெசின் கொண்டு அகற்றிவிட்டால், பிஎச் 7-இல் அஸ்கார்பேட் தானாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்றே தன் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அதோடு நிற்காமல் கணக்கைத் திருப்பிப் போட்டார்: அஸ்கார்பேட் குறைகிறது என்றால் உங்கள் கரைசலில் உலோகம் இருக்கிறது என்று பொருள். வைட்டமின் சி-யே உலோக அழுக்கைக் கண்டுபிடிக்கும் கருவியாகிவிட்டது. அவர் அளவீடுகளில் அயனி அளவில் ஒப்பிட்டால் தாமிரம் இரும்பைவிடச் சுமார் 80 மடங்கு திறமையான வினையூக்கி.

பிப்ரவரி 5

"காய்ச்சி வடித்த நீரில் தாமிரம் எங்கிருந்து வரும்?" என்று ஒருவர் கேட்கிறார். வடிகலனிலிருந்தே வரும். நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் பழைய வடிகலன் ஒன்று இருந்தது. உள்ளே தாமிரக் குளிர்கலம், மேலே வெள்ளீயப் பூச்சு. பூச்சு தேய்ந்த இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். அந்த நீரில் செய்த அஸ்கார்பிக் அமிலக் கரைசலை மதிய வகுப்புக்கு வைத்திருந்தால் பியூரெட் அளவு ஒவ்வொரு மேசைக்கும் குறைந்துகொண்டே வரும். முதல் மேசைப் பிள்ளைக்கு முழு மதிப்பெண், கடைசி மேசைப் பிள்ளைக்குக் கவனக்குறைவு என்ற பட்டம். அந்தப் பிள்ளைகளின் கை சரியாகத்தான் இருந்தது. கண்ணாடி வடிகலனில் இருமுறை வடித்த நீருக்கு மாறியதும் மேசைக்கு மேசை வித்தியாசம் மறைந்துவிட்டது. இதனால்தான் இந்தத் தலைப்பில் எனக்கு இவ்வளவு அக்கறை.

எவ்வளவு தாமிரம் போதும் என்று பார்ப்போம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க அளவாகச் சொல்வது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அது சுமார் 0.8 மைக்ரோமோலார். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். அது 31 மைக்ரோமோலார். குடிப்பதற்குப் பாதுகாப்பான நீர், வைட்டமின் சி-க்குப் பாதுகாப்பான நீராக இருக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 5, சற்று நேரம் கழித்து

மேலே உலோகத்தை மட்டும் பேசினேன். கேட்டவர் சொல்லும் வேறுபாட்டில் பாதி, பிஎச் வேறுபாடு. அதை விட்டால் படம் முழுமை பெறாது.

500 மில்லிகிராம் ஒரு லிட்டரில் என்றால் 2.84 மில்லிமோலார். தூய நீரில் இதன் பிஎச் சுமார் 3.4. அஸ்கார்பிக் அமிலத்தின் முதல் பிரிகை மாறிலி, பிகேஏ, சுமார் 4.2. ஆகவே வடித்த நீரில் பெரும்பகுதி மின்சுமையற்ற மூலக்கூறாகவே இருக்கிறது. அது உலோகத்தோடு சேர விரும்பாது, எலக்ட்ரானையும் எளிதில் தராது. ஆழ்துளைக் கிணற்று நீரின் கதை வேறு. காரத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வைத்தால் பைகார்பனேட் 4 மில்லிமோலார். நீங்கள் போட்ட அமிலம் முழுவதையும் நடுநிலையாக்கிவிட்டு மிச்சமும் இருக்கும். அங்கே ஏறக்குறைய எல்லாமே ஒற்றை எதிர்ச்சுமை கொண்ட அஸ்கார்பேட். உலோகத்துக்கு வேண்டியது அதுதான்.

ஆகவே இரண்டு நீரையும் அப்படியே ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு இல்லை. இரண்டிலும் ஒரே தாங்கல் கரைசலைச் சேர்த்து, பிஎச் சரிபார்த்து, அதன் பின் ஒப்பிடுங்கள்.

பிப்ரவரி 6

குளோரின்தான் காரணம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். எச்ச குளோரின் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்று வைத்தாலும் 7 மைக்ரோமோலார். அது ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வைட்டமின் சி-யைத் தின்றுவிட்டுத் தீர்ந்துபோகும். 2840-இல் 7 போனால் பியூரெட்டில் தெரியாது. உலோகம் அப்படித் தீர்ந்துபோவதில்லை என்பதே வேறுபாடு.

பிப்ரவரி 7

உலோகம் தீராமல் திரும்பத் திரும்ப வேலை செய்யும் சுழற்சி எப்படி ஓடுகிறது என்று கேட்டவர்களுக்கு.

இரட்டை நேர்ச்சுமை தாமிரம் அஸ்கார்பேட்டிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெற்று ஒற்றை நேர்ச்சுமைக்கு இறங்குகிறது. அஸ்கார்பேட், இணையாகாத ஓர் எலக்ட்ரான் கொண்ட தனி உறுப்பாகிறது. இந்தத் தனி உறுப்பு மிகவும் சாதுவானது. மற்றவற்றைத் தாக்காமல், தன்னைப் போன்ற இன்னொன்றைச் சந்திக்கும்போது இரண்டில் ஒன்று மீண்டும் அஸ்கார்பேட்டாகவும் மற்றது டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகவும் பிரிந்துகொள்கின்றன. ஒற்றை நேர்ச்சுமைத் தாமிரம் தன் எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் ஒப்படைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பரிசல்காரர் மாதிரி: ஒரு கரையில் ஏற்றுகிறார், மறு கரையில் இறக்குகிறார், வெறும் பரிசலோடு திரும்புகிறார். ஒரு மைக்ரோமோலார் தாமிரம், 2.84 மில்லிமோலார் வைட்டமின் சி முழுவதையும் தீர்க்க வேண்டுமானால் ஒவ்வொரு தாமிர அயனியும் 5,600 தடவைக்கு மேல் போய்வர வேண்டும். போய்வருகிறது.

டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலம் உருவானதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அதை ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான் கொடுத்து, மீட்டுவிடலாம், உடலும் மீட்கிறது. ஆனால் நடுநிலை நீரில் அது நிமிடங்களில் வளையம் திறந்து டைகீட்டோகுலோனிக் அமிலமாகிவிடும். அங்கிருந்து திரும்ப வழி இல்லை.

பிப்ரவரி 7, இரவு

பரிசல் கணக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் உண்மையில் ஆக்சிஜன் எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதில்தான் சுவையே இருக்கிறது. 1967-இல் எம். எம். தாகி கானும் ஆர்தர் மார்ட்டெலும் அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் எழுதினார்கள். முதலாவது தாமிர, இரும்பு அயனிகள் பற்றியது. இரண்டாவது அதே அயனிகளை இ.டி.டி.ஏ. போன்ற பல பற்கள் கொண்ட ஈனிகளால் (உலோகத்தைப் பல இடங்களில் பிடிக்கும் மூலக்கூறுகள்) கவ்விய அணைவுகள் பற்றியது. வெற்று அயனியில் வினைவேகம் ஆக்சிஜன் செறிவைப் பொறுத்து ஏறுகிறது. கவ்விய அணைவில் வேகம் ஆக்சிஜன் செறிவைப் பொருட்படுத்துவதே இல்லை.

இதை நிறுத்தி யோசித்துப் பாருங்கள். முதல் வகையில் அஸ்கார்பேட், உலோகம், ஆக்சிஜன் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த அணைவு ஒன்று உருவாகி, உலோகத்தின் வழியாகவே எலக்ட்ரான் பாய்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். இரண்டாம் வகையில் ஈனி இடத்தை அடைத்துக்கொண்டுவிட்டதால் ஆக்சிஜனுக்கு உட்கார இடமில்லை. அஸ்கார்பேட்டிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் தாவும் படியே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜன் பின்னால் வந்து மிச்ச வேலையை முடிக்கிறது. ஒரே உலோகம், ஒரே வைட்டமின், ஒரே காற்று. ஈனி மாறியதும் வினையின் வழியே மாறிவிட்டது.

தாகி கான் பின்னாளில் குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். வினைவேகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கட்டுரைகளையும் கையில் கொடுத்துவிடுவேன். வேக விதியிலிருந்து வினைவழிமுறைக்கு எப்படி நடந்து போவது என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான பாடம் நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 8

இப்போது இ.டி.டி.ஏ.

தாமிரத்துக்கு நிற்கும். இரும்புக்கு நிற்காது, சில நேரங்களில் வேகம் கூடும்.

"இ.டி.டி.ஏ. உலோகத்தைக் கட்டிப்போடும், ஆகவே வினை நிற்கும்" என்ற வாசகத்தைப் பாதுகாப்புப் பொருள்கள் பற்றிய பாடங்களில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். கட்டும் இறுக்கம்தான் முக்கியம் என்றால் இரும்பு முதலில் ஓய வேண்டும்: மூன்று நேர்ச்சுமை இரும்போடு இ.டி.டி.ஏ.வின் நிலைப்பு மாறிலி 10-இன் 25-ஆம் படி அளவில் இருக்கிறது, தாமிரத்தோடு 18.8 அளவில்தான். இறுக்கம் அதிகமான இடத்தில் வினை ஓடுகிறது, குறைந்த இடத்தில் நிற்கிறது. ஆக, இறுக்கம் மட்டும் விடை இல்லை.

மூன்று காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடுநிலை நீரில் வெற்று இரும்பு, ஹைட்ராக்சைடாகத் துருப்போல் படிந்து, பாதி ஓய்ந்துதான் இருக்கும். இ.டி.டி.ஏ. அதைக் கரைசலுக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. இது முதல் காரணம்.

இரண்டாவது மின்னழுத்தம். இரும்பு–இ.டி.டி.ஏ. அணைவுக்குச் சுமார் +0.12 வோல்ட். அஸ்கார்பேட் அதை ஒடுக்கவும் முடிகிறது, ஒடுங்கிய இரும்பை ஆக்சிஜன் மீண்டும் ஏற்றவும் முடிகிறது. இரண்டு கரைக்கும் எட்டும் இடம். தாமிரத்தில் நிலைமை வேறு: இ.டி.டி.ஏ. இரட்டை நேர்ச்சுமைத் தாமிரத்தை மிகவும் விரும்புகிறது, ஒற்றை நேர்ச்சுமைத் தாமிரத்தை அவ்வளவாக விரும்பவில்லை. எனவே தாமிரம் மேல் நிலையிலேயே நின்றுவிடுகிறது, இறங்குவதில்லை.

மூன்றாவது இடம். இ.டி.டி.ஏ.வுக்கு ஆறு பற்கள். மூன்று நேர்ச்சுமை இரும்பு அந்த ஆறையும் ஏற்றுக்கொண்டு ஏழாவதாக ஒரு நீர் மூலக்கூறையும் வைத்துக்கொள்கிறது. அந்த ஒற்றை இருக்கை போதும். எட்டுப் பற்கள் கொண்ட டி.டி.பி.ஏ. என்ற ஈனியில் அந்த இருக்கை அடைபட்டுவிடுகிறது, இரும்பு அடங்கிவிடுகிறது. தலசீமியா நோயாளிகளுக்கு மிகை இரும்பை வெளியேற்றக் கொடுக்கும் டெஸ்ஃபெரியாக்சமின் இன்னும் ஒரு படி மேலே: அதன் இரும்பு அணைவுக்கு மின்னழுத்தம் –0.45 வோல்ட் அளவு. அஸ்கார்பேட்டால் அதை ஒடுக்கவே முடியாது.

பிப்ரவரி 8, மாலை

இதையெல்லாம் எழுதும்போது நினைவுக்கு வருவது: 1954-இல் உடன்ஃபிரெண்டும் உடன் பணியாற்றியவர்களும் இரும்பு, இ.டி.டி.ஏ., அஸ்கார்பிக் அமிலம், ஆக்சிஜன் நான்கையும் வேண்டுமென்றே கலந்து, அரோமேட்டிக் வளையங்களில் ஹைட்ராக்சில் தொகுதியைப் புகுத்திக் காட்டினார்கள். அதாவது இந்தக் கலவை வேலை செய்யும் ஒரு வினைப்பொருள் என்று எழுபது ஆண்டுகளாகத் தெரியும். அதையே "பாதுகாப்புக் கலவை" என்று எண்ணுவது எவ்வளவு பெரிய முரண்!

பிப்ரவரி 9

"நீர் கடினமானது, கால்சியமே இ.டி.டி.ஏ.வை எல்லாம் பிடித்துக்கொள்ளாதா?" நல்ல கேள்வி. பிடித்துக்கொள்ளும், ஆனால் தாமிரம் வந்தால் விட்டுக்கொடுக்கும். கால்சியத்தின் நிலைப்பு மாறிலி 10-இன் 10.7-ஆம் படி, தாமிரத்தினுடையது எட்டுப் படிகள் மேலே. கடின நீரிலும் தாமிரத்துக்கு இ.டி.டி.ஏ. கிடைக்கும்.

பிப்ரவரி 9

கண்ணாடிக் குடுவைகளை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுங்கள். பித்தளைக் குழாயில் முதலில் வரும் நீரைப் பிடிக்காதீர்கள்.

பிப்ரவரி 12

மூடிய பாட்டில் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. பழச்சாறு, விளையாட்டு வீரர்களின் பானம், சருமத்துக்குப் பூசும் சீரம் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

25 டிகிரி நீரில் காற்றிலிருந்து கரையும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 0.26 மில்லிமோலார். உங்கள் கரைசலில் வைட்டமின் சி 2.84 மில்லிமோலார். விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால், ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடு வரைதான் ஒடுங்குகிறது என்று கொண்டால் ஒன்றுக்கு ஒன்று. சுமார் 9 சதவீதம் போகும். பெராக்சைடும் தொடர்ந்து ஒடுங்கி நீராகிவிட்டால் அதன் இரு மடங்கு, 18 சதவீதம். அதோடு வினை நிற்க வேண்டும். எவ்வளவு தாமிரம் இருந்தாலும் சரி. வினையூக்கி வேகத்தைத்தான் தரும், ஆக்சிஜனைத் தராது.

பாட்டிலின் மேலே 100 மில்லிலிட்டர் காற்று விட்டால்? அதில் 21 மில்லிலிட்டர் ஆக்சிஜன், சுமார் 0.86 மில்லிமோல். இன்னும் 30 சதவீதத்துக்கு வழி திறந்துவிட்டது. பிளாஸ்டிக் பாட்டிலின் சுவர் வழியே ஆக்சிஜன் மெல்லக் கசிந்து வருவது தனிக் கணக்கு. ஊசி மருந்தாக வரும் வைட்டமின் சி-யில் காற்றை வெளியேற்றிவிட்டு மந்த வாயுவை நிரப்புவதும், துளி இ.டி.டி.ஏ. சேர்ப்பதும் ஒன்றாகவே நடப்பதற்குக் காரணம் இதுதான்: ஒன்று ஆக்சிஜனைக் குறைக்கிறது, மற்றது தாமிரத்தை அடக்குகிறது.

பிப்ரவரி 13

சற்று விலகிப் போகிறேன். 1943-இல் அஸ்கார்பிக் அமிலத்தின் தன்னியக்க ஆக்சிஜனேற்றம் பற்றியும் 1944-இல் அதில் தாமிரத்தின் பங்கு பற்றியும் கோடாக் வேதியியலாளர் வைஸ்பெர்கரோடு சேர்ந்து எழுதியவர் ஜேம்ஸ் லூவால். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அதே லூவால்தான். பின்னர் கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் லைனஸ் பாலிங்கிடம் முனைவர் பட்டம் பெற்று, கோடாக் ஆய்வகத்தில் சேர்ந்தார். கோடாக்குக்கு வைட்டமின் சி-யில் என்ன வேலை என்று கேட்கலாம்: புகைப்படச் சுருளைக் கழுவும் உருத்துலக்கிகளெல்லாம் ஒடுக்கிகள், அவை காற்றில் கெடாமல் இருக்க வேண்டும், அஸ்கார்பிக் அமிலமும் அந்தக் குடும்பத்துக்குள் வரக்கூடியதே. பந்தயத் தடத்தில் பெயர் எடுத்த ஒரு கறுப்பினத்தவர், நிறவெறி நிறைந்த அந்தக் காலத்து அமெரிக்காவில், ஆய்வுக்கூடத்திலும் பெயர் எடுத்தார். அவர் பெயரை மாணவர்களிடம் சொல்லுங்கள்.

பிப்ரவரி 16

செம்புப் பாத்திரத்தில் எலுமிச்சைச் சாறு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக இல்லை.

எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2 முதல் 2.5 வரை. அங்கே அஸ்கார்பிக் அமிலம் சுமையற்ற நிலையில் இருக்கிறது. தாமிரத்தைச் சிட்ரேட்டும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. எனவே வைட்டமின் சி, நடுநிலை நீரில் இருப்பதைவிட மெதுவாகத்தான் கெடும். கவலை வேறு பக்கம்: அமிலமும் காற்றும் சேர்ந்தால் செம்பு கரைந்து சாற்றில் இறங்கும், குமட்டலும் வாந்தியும் வரலாம். புளி ஊற்றிச் சமைக்கும் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு உள்ளே வெள்ளீயம் பூசி வந்ததற்கான காரணமும் இதுவே. செம்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த வெறும் தண்ணீரில் காலையில் வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து மெதுவாகக் குடிப்பவர்கள் மாத்திரையை அப்படியே விழுங்கிவிட்டுத் தண்ணீரைத் தனியாகக் குடிக்கலாம்.

பின்லாந்தின் துர்கு நகரில் உள்ள ஓபோ அகாடமியின் ஆய்வாளர்கள் இதைக் குழாய் நீரில் சோதித்தார்கள். செம்புக் குழாயிலிருந்து தாமிரம் இறங்கிய வீட்டுக் குடிநீரில் வைட்டமின் சி சேர்த்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் உருவாவதை 2003-இலும் 2004-இலும் வெளியிட்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பைகார்பனேட் இருந்தால்தான் இது வலுவாக நடக்கிறது என்ற கண்டுபிடிப்பு. பிப்ரவரி 5-இல் எழுதிய பிஎச் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

பிப்ரவரி 20

ஹைட்ராக்சில் தனி உறுப்பு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். சுழற்சியில் உருவான ஹைட்ரஜன் பெராக்சைடை ஒடுங்கிய தாமிரமோ இரும்போ உடைக்கிறது. ஃபென்டன் வினை. அஸ்கார்பேட் இங்கே இரு வேலை செய்கிறது: பெராக்சைடு உருவாகவும் காரணம், அதை உடைக்கும் உலோகத்தை ஒடுக்கிக் கொடுப்பதும் அதுவே. எதிர் ஆக்சிஜனேற்றி என்று பெயர் வாங்கிய பொருள், உலோகத்தோடு சேர்ந்தால் இப்படி மாறுகிறது.

இதன் நேரடி விளைவு குளிர்பானங்களில் பென்சீன். 1990-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்தது. சோடியம் பென்சோயேட்டும் வைட்டமின் சி-யும் ஒரே பாட்டிலில், உலோகம் துளி. தனி உறுப்பு பென்சாயிக் அமிலத்தைத் தாக்க, கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, பென்சீன் மிஞ்சுகிறது. 1993-இல் கார்ட்னரும் லாரன்ஸும் இந்த வேதியியலை விளக்கினார்கள். 2005-இல் சில பானங்களில் மீண்டும் தலைதூக்க, பல நிறுவனங்கள் கலவையை மாற்றின. அங்கே குடிநீருக்கான பென்சீன் உச்சவரம்பு நூறு கோடியில் 5 பங்கு. வெயிலும் சூடும் இதை வேகப்படுத்தும். லேபிளில் இரண்டு பெயரும் சேர்ந்திருந்தால் அந்தப் பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிப்ரவரி 24

ஒரு வாசகர் வெள்ளரிக்காயைக் கொண்டுவந்திருக்கிறார். எதிர்பாராத பரிசு.

வெள்ளரி, சுரைக்காய்க் குடும்பத்தில் அஸ்கார்பேட் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. அதுவும் தாமிரம்தான்: ஒவ்வொரு துணை அலகிலும் நான்கு தாமிர அணுக்கள். சுக்கினி சுரைக்காயிலிருந்து பிரித்த நொதியின் படிக அமைப்பை மெசர்ஷ்மிட் குழுவினர் 1980-களின் இறுதியில் கண்டறிந்தார்கள். ஒரு தாமிரம் தனியாக நின்று, இரண்டு ஹிஸ்டிடின், ஒரு சிஸ்டீன், ஒரு மெத்தியோனின் பிடியில் அஸ்கார்பேட்டிடமிருந்து எலக்ட்ரானை வாங்குகிறது. மற்ற மூன்றும் தள்ளி, ஒரு கூட்டாக. எலக்ட்ரான்கள் ஒவ்வொன்றாக வந்து அங்கே சேர, ஆக்சிஜன் நான்கையும் பெற்று நேராக நீராகிறது. சூப்பர் ஆக்சைடு வெளியே நழுவுவதில்லை. பெராக்சைடு இல்லை. ஹைட்ராக்சில் இல்லை.

குடிநீரிலிருக்கும் தாமிரமும் வெள்ளரியின் தாமிரமும் ஒரே தனிமம். வேகத்தில் வெள்ளரி பல மடங்கு முன்னே நிற்கிறது, ஆனால் கழிவில்லாமல் செய்கிறது. உலோகத்தைப் பிடித்திருக்கும் கைகளே அதன் குணத்தை எழுதுகின்றன என்று நான் இ.டி.டி.ஏ. விஷயத்தில் சொல்ல வந்ததை இந்த நொதி என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டது. வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிய சாலட்டை நேரம் கழித்துச் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் சி இழப்பு உண்மையே. நறுக்கிய உடன் எலுமிச்சை பிழிந்தால் பிஎச் இறங்கி நொதியின் வேகம் குறையும்.

மார்ச் 2

கேள்வி கேட்ட ஆசிரியர் முடிவு அனுப்பியிருக்கிறார். ஒரே தாங்கல் கரைசலில், பிஎச் 7-இல், மூன்று குடுவைகள். கண்ணாடி வடிகலன் நீர் அசையவில்லை. அதில் வேண்டுமென்றே துளி காப்பர் சல்பேட் சேர்த்தது வேகமாகச் சரிந்தது, இ.டி.டி.ஏ. சேர்த்ததும் நின்றது. ஆழ்துளைக் கிணற்று நீரில் இ.டி.டி.ஏ. சேர்த்த பிறகும் அளவு இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரும்பைச் சந்தேகிக்கச் சொல்லி அவருக்கு எழுதினேன். அந்தக் கிணற்று நீர் வாளியில் பழுப்புக் கறை விடும் என்று பதில் வந்தது.

மார்ச் 3

இரும்புதானா என்று உறுதி செய்ய: இ.டி.டி.ஏ. சேர்க்காத நீரில் வைட்டமின் சி-யைக் கரைத்து, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் ஃபெனாந்த்ரோலின் என்ற ஈனியைச் சில துளி விடுங்கள். வைட்டமின் சி-யே இரும்பை இரட்டை நேர்ச்சுமைக்கு இறக்கிக் கொடுத்துவிடும். தனி ஒடுக்கி தேவையில்லை. மூன்று ஃபெனாந்த்ரோலின்கள் அதைச் சூழ்ந்ததும் ஆரஞ்சுச் சிவப்பு வரும். நிறமாலைமானி இருந்தால் 510 நானோமீட்டரில் அளந்து இரும்பின் அளவையும் சொல்லிவிடலாம்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சிவப்பு அணைவின் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டுக்கும் மேல். ஆக்சிஜனால் அதை மேல் நிலைக்கு ஏற்ற முடியாது. டெஸ்ஃபெரியாக்சமின் இரும்பை மேல் நிலையிலேயே நிறுத்திச் சுழற்சியை முடக்கியது. ஃபெனாந்த்ரோலின் கீழ் நிலையில் நிறுத்தி முடக்குகிறது. இ.டி.டி.ஏ. இரண்டுக்கும் நடுவில் விட்டுவைத்தது. எனவே போதுமான ஃபெனாந்த்ரோலின் உள்ள குடுவையில், இரும்பு மட்டும் குற்றவாளி என்றால், வைட்டமின் சி நிலைத்து நிற்க வேண்டும். நீரில் தாமிரமும் கலந்திருந்தால் நிற்காது. ஃபெனாந்த்ரோலினோடு சேர்ந்த தாமிரம், ஒடுக்கியும் ஆக்சிஜனும் கிடைத்தால், டி.என்.ஏ.வையே வெட்டும் என்று 1979-இல் சிக்மன் குழு காட்டியிருக்கிறது. ஆகவே இந்தக் குடுவைகளைச் சாக்கடையில் கொட்டாமல் தனியாகச் சேகரியுங்கள், மாணவர்கள் கையுறை போட்டுக்கொள்ளட்டும். நான்கு குடுவைகள் போதும்: வெறும் கிணற்று நீர், இ.டி.டி.ஏ., டி.டி.பி.ஏ., ஃபெனாந்த்ரோலின். நான்கிலும் பிஎச் 7, நான்கையும் ஒரே அளவு திறந்து வைத்து, கால் மணிக்கு ஒரு முறை தரம்பாருங்கள். ஃபெனாந்த்ரோலின் குடுவையில் சிவப்பு நிறம் ஸ்டார்ச்சின் நீலத்தை மறைக்கும். முடிவுநிலையைப் பார்க்க, அளவு எடுக்கும் பகுதியை மட்டும் நன்றாக நீர்த்துக்கொள்ளுங்கள்.